ஹோனலூலு மிருகக்காட்சி சாலைக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

எட்டு வயது மகனோடும், சைவ உணவு மட்டுமே உண்ணும், எழுபதைத் தொட்ட தாயாரோடும் ஹோனலூலுவில் நான்கு நாள் தங்கப் போவதாகச் சொல்லி, இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஹவாய் வரை போய்விட்டு ஒரு மாநகர மிருகக்காட்சி சாலைக்கு நேரம் செலவிடுவது தகுமா என்பது ஒன்று. விடுதிகளும் பகட்டுக் கடைகளும் நிறைந்த வைக்கீக்கியை விட்டு விலகி, அந்த ஊர்க்காரர்களின் வாழ்க்கையைக் கொஞ்சமாவது பார்க்க வழி உண்டா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனி நாள்களாகப் பிரிக்க வேண்டாம் என்பதே என் பதில். மிருகக்காட்சி சாலை வைக்கீக்கியின் கிழக்கு விளிம்பில், கபியோலானி பூங்காவுக்குள் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளின் ஹோனலூலு முடிந்து, உள்ளூர்க்காரர்களின் ஹோனலூலு தொடங்கும் எல்லை ஏறக்குறைய அதுதான். ஒரு சனிக்கிழமையை அந்தப் பூங்காவுக்கும் அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.

முதலில் மிருகக்காட்சி சாலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பரப்பு 42 ஏக்கர்; கலிபோர்னியாவின் சான் டியேகோவில் உள்ள பேர்போன மிருகக்காட்சி சாலை 100 ஏக்கர். ஆகவே பெரும் எதிர்பார்ப்போடு வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காண்டாமிருகம், கொமோடோ உடும்பு, கலபகோஸ் தீவுகளின் பேராமை என்று குழந்தைகள் கேட்கும் விலங்குகள் பலவும் உண்டு. பாதைகள் சமதரையில் அமைந்திருப்பதாலும், வழியெங்கும் நிழல் மரங்கள் நிற்பதாலும், உங்கள் தாயார் மெல்ல நடந்தாலும் இரண்டரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். வெளியூர்ப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் சுமார் 20 டாலர். உள்ளூர்வாசிகளுக்கு அதில் பாதிகூட இல்லை. இந்த வேறுபாடு ஹவாயில் பல இடங்களில் இருக்கும், அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. இந்த இடத்தைத் தாங்கி நிற்பது உள்ளூர்க்காரர்களின் வரிப்பணம். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிதி நிலை உறுதியாக இல்லை என்ற காரணத்தால், அமெரிக்க விலங்குக்காட்சி சாலைகளின் சங்கம் இதன் அங்கீகாரத்தை நீக்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஹோனலூலு வாக்காளர்கள், சொத்து வரி வருவாயில் 0.5 விழுக்காட்டை இதற்கென்று ஒதுக்கும்படி நகர சாசனத்தையே திருத்தி வாக்களித்தார்கள். 2020இல் அங்கீகாரம் மீண்டும் கிடைத்தது. ஒரு மிருகக்காட்சி சாலைக்காக ஓர் ஊர் வாக்குச் சீட்டில் முடிவெடுத்தது என்றால், அது வெறும் சுற்றுலாத் தலமாக இருக்க முடியாது.

இதன் பிறப்பும் சற்று வேறுபட்டது. அமெரிக்காவில் ஒரு முடிமன்னர் அளித்த நிலத்தில் அமைந்த மிருகக்காட்சி சாலை இது ஒன்றுதான் என்பார்கள். ஹவாய் தனி அரசாக இருந்த காலத்தில், மன்னர் கலாகௌவா இந்த நிலத்தைப் பொதுமக்களுக்கான பூங்காவாக்கி, தம் அரசி கபியோலானியின் பெயரைச் சூட்டி 1877இல் திறந்து வைத்தார். அன்றைக்கு இங்கே முதன்மையான கேளிக்கை குதிரைப் பந்தயம். அரசு 1893இல் கவிழ்க்கப்பட்டு, 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்ட பிறகு, பூங்கா மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1914இல் பூங்கா நிர்வாகியாக இருந்த பென் ஹாலிங்கர் ஒரு குரங்கு, ஒரு கரடி, சில சிங்கக் குட்டிகள் என்று சேர்க்கத் தொடங்கியதுதான் இன்றைய மிருகக்காட்சி சாலையின் வித்து. 1916இல் டெய்சி என்ற ஆப்பிரிக்க யானை வந்து சேர்ந்து ஊரின் செல்லப் பிள்ளையாயிற்று. 1933இல் அது தன் பாகனைக் கொன்றதும் சுட்டுக் கொல்லப்பட்டது.

யானை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே வளர்ந்த ஆசிய யானைகள் இரண்டின் பெயர்களைப் பலகையில் படித்தால் உங்கள் தாயார் ஒரு கணம் நின்றுவிடுவார்: மாரி, வைகை. இந்திரா காந்தி 1982இல் ஹவாய்க் குழந்தைகளுக்கு இந்தியாவின் பரிசாக அனுப்பி வைத்தது மாரியை. வைகை வந்தது 1990களின் தொடக்கத்தில். 2011இல் இவற்றுக்கென்று முன்னைவிடப் பெரிய, குளத்தோடு கூடிய வளாகம் கட்டப்பட்டது. ஆனாலும் விலங்குரிமை அமைப்பு ஒன்று, இவற்றைச் சரணாலயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நீதிமன்றம் வரை போயிற்று. நூறு பேர் வேடிக்கை பார்க்க, ஒன்றரை ஏக்கர் அளவிலான இடத்தில் யானை வாழ்வது சரியா என்ற கேள்வி நியாயமானதுதான். மகன் கேட்டால் மழுப்பாமல் பேசிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த இடத்தில் பொறுமையாக நின்று பார்க்க வேண்டியது சிங்கத்தையோ புலியையோ அல்ல. நேனே என்னும் ஹவாய் வாத்தைத்தான். ஹவாய் மாநிலத்தின் பறவை அது. பார்வைக்குச் சாதுவாக, பழுப்பு உடலும் கறுத்த முகமுமாக, கழுத்து இறகுகளில் சீப்பால் வாரிவிட்டது போன்ற வரிகளோடு இருக்கும். அதன் காலைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்: வாத்துக்குரிய விரலிடைத் தோல் வெகுவாகக் குறைந்து, விரல்கள் நீண்டிருக்கும். வழிதவறி வந்து இத்தீவுகளில் தங்கிவிட்ட, கனடா வாத்து என்னும் இனத்தின் வழித்தோன்றலான இந்தப் பறவை, நீரைவிட எரிமலைக் குழம்பு உறைந்த கரட்டுச் சரிவுகளில் நடந்து மேய்வதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. 1950ஆம் ஆண்டை ஒட்டி, உலகத்தில் மிஞ்சியிருந்த நேனேக்கள் சுமார் 30 மட்டுமே. ஹவாயிலும் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜிலும் கூண்டில் வைத்துப் பெருக்கி, மீண்டும் மலைகளில் விட்டதன் பயனாக இன்று 3,000க்கு மேல் இருக்கின்றன. 2019இல் அழிவின் விளிம்பிலுள்ள இனம் என்ற நிலையிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த நிலைக்கு இதை மாற்றினார்கள். ஹோனலூலு அமைந்துள்ள ஓவாஹு தீவில் இதை வெளியே காண்பது அரிது. ஆகவே ஹோனலூலுவிலேயே தங்கும் உங்களுக்கு இதுதான் வாய்ப்பு.

நேனே இவ்வளவு குறைந்து போனதற்கு வேட்டையும் வேலியில்லாத கால்நடையும் மட்டும் காரணம் அல்ல. நமக்கு நன்கு தெரிந்த கீரியும் ஒரு காரணம். கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிப்பதற்காக 1883இல் ஜமைக்காவிலிருந்து கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஜமைக்காவுக்கு அவை 1872இல் கல்கத்தாவிலிருந்து போனவை. எலி இரவில் உலவுவது, கீரி பகலில் இரை தேடுவது. இந்தச் சின்ன விஷயத்தை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விளைவாக எலிகள் தப்பித்தன, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகள் தப்பவில்லை. கீரி காலூன்றாத கவாயித் தீவில் இன்று நேனே செழித்து வாழ்வதே இதற்குப் போதிய சான்று.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு கூண்டுகளுக்கு வெளியே புல்தரையைப் பார்த்தால், ஒரு தமிழருக்கு வேறு யாருக்கும் கிடைக்காத வேடிக்கை ஒன்று கிடைக்கும். உங்கள் காலடியில் ரொட்டித் துணுக்குக்குச் சண்டையிடும் பறவை நம் ஊர் மைனா; பயிரைத் தின்னும் புழுக்களை ஒழிப்பதற்காக 1865இல் இந்தியாவிலிருந்து இறக்கியது. மரத்திலிருந்து குரல் கொடுப்பது செம்புழைக் கொண்டைக்குருவி. மாலையில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறப்பது பச்சைக்கிளி. நிழல் தருபவை ஆலமரமும் தூங்குமூஞ்சி மரமும். ஹவாயின் அடையாளமாக விளம்பரங்களில் வரும் காட்சியில் பாதி, கப்பலேறி வந்தது. இந்தத் தீவுகளுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி ஒரே ஒரு வௌவால் இனம் என்றால் நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். நிலத்துப் பாம்பும் இயல்பாக இல்லை. அது நுழைந்துவிடக் கூடாது என்பதில் மாநிலம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறதென்றால், தனியார் யாரேனும் வீட்டில் பாம்பு வளர்த்தால் 2 லட்சம் டாலர் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

அதே மரங்களில், ஊருக்கே உரிய ஒரு பறவையும் குடியிருக்கிறது. மனு-ஓ-கூ என்பது அதன் ஹவாய்ப் பெயர். தூய வெள்ளை நிறமும் கரிய கண்களும் கொண்ட, ஆலா என்னும் சிறிய கடற்பறவை. ஹவாயின் முதன்மைத் தீவுகளில் ஓவாஹுவில் மட்டும், அதுவும் காட்டை விட்டுவிட்டு மாநகர் மரங்களில் குஞ்சு பொரிக்கிறது; 2007இல் இதை ஹோனலூலுவின் அதிகாரப்பூர்வப் பறவையாக அறிவித்தார்கள். இது கூடு கட்டுவதே இல்லை. கிளை கவைக்கும் இடத்திலோ, பட்டையில் உள்ள சிறு குழிவிலோ ஒரே ஒரு முட்டையை வெறுமனே வைத்துவிட்டு அதன்மேல் அமர்ந்துகொள்கிறது. பொரித்து வரும் குஞ்சுக்குக் கால் நகங்கள் அவ்வளவு வலுவானவை. காற்றில் கிளை ஆடும்போதும் பற்றிக்கொண்டு இருக்கும். தாயோ தந்தையோ அலகின் குறுக்கே நான்கைந்து பொடி மீன்களை அடுக்கிக்கொண்டு கடலிலிருந்து திரும்புவதைப் பார்க்கலாம். பூங்காவிலும் அருகிலுள்ள தெருக்களிலும் சில மரங்களின் தண்டில் நீல நிற நாடா கட்டியிருக்கும். இந்த மரத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது, கிளை வெட்டாதீர்கள் என்று மரம் கழிப்பவர்களுக்குச் சொல்வதற்காகத் தன்னார்வலர்கள் கட்டியது அது. நாடாவைக் கண்டால் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். உங்கள் மகனுக்கு இது கட்டணம் இல்லாத மிருகக்காட்சி.

சனிக்கிழமை என்று நான் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. அன்று காலை 7.30 முதல் 11 மணி வரை, டைமண்ட் ஹெட் மலையின் அடிவாரத்தில் உள்ள கபியோலானி சமுதாயக் கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் உழவர் சந்தை கூடுகிறது. மிருகக்காட்சி சாலை திறப்பது காலை 10 மணிக்கு. ஆகவே முதலில் சந்தைக்குப் போய்க் காலை உணவையே அங்கே முடித்துக்கொள்ளலாம். பயணிகள் கூட்டம் உண்டுதான் என்றாலும், விற்பவர்கள் இந்தத் தீவுகளில் விளைவித்தவர்கள், சமைத்தவர்கள். தாயாருக்குப் பப்பாளி, புளிப்பு கலந்த சிறிய வாழைப்பழம், தாட்பூட் பழம், பருவத்தில் போனால் மாம்பழமும் லிச்சியும் கிடைக்கும். போய் என்ற பெயரில் சாம்பல் கலந்த ஊதா நிறக் கூழைக் கண்டால் ஒரு கரண்டி சுவைத்துப் பாருங்கள். வேகவைத்த சேப்பங்கிழங்கை இடித்து, நீர் விட்டுக் குழைத்தது, இரண்டொரு நாள் புளிக்க விட்டதும் உண்டு. முழுக்கச் சைவம். ஹவாயியருக்கு இது வெறும் உணவு அல்ல, சேப்பஞ்செடி அவர்களின் தொன்மத்தில் மனிதனுக்கு மூத்த சகோதரன். சுவை பிடிக்காவிட்டாலும் கேலியாக எதுவும் சொல்லாமல் இருப்பது மரியாதை. இன்று விடுதிகள் நிற்கும் வைக்கீக்கி முழுவதும் ஒரு காலத்தில் சேப்பங்கிழங்கு வயலும் மீன் குளமும் நிறைந்த சதுப்பு நிலம். 1920களில் ஆலா வாய்க் கால்வாயை வெட்டி நீரை வடித்த பிறகுதான் கட்டடங்கள் எழுந்தன.

சந்தையிலிருந்து மிருகக்காட்சி சாலைக்கு மான்சராட் சாலை வழியாக இறங்கி வந்தால், சாலையை ஒட்டிய வேலி முழுவதும் ஓவியங்கள் தொங்குவதைக் காண்பீர்கள். உள்ளூர் ஓவியர்கள் 1953 முதல் சனி, ஞாயிறுகளில் தங்கள் படங்களை அங்கே மாட்டி, பக்கத்திலேயே மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எந்தக் கடற்கரையை வரைந்தீர்கள் என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள்.

மதிய உணவுக்கு வைக்கீக்கிப் பக்கம் திரும்பாமல் கபாஹுலு சாலையில் ஏறுங்கள். அந்த ஊரின் வரலாற்றை வயிற்றால் படிக்க இதைவிடப் பொருத்தமான தெரு எனக்குத் தெரியவில்லை. கரும்புத் தோட்டங்களுக்காகச் சீனர்கள் 1852இலும், போர்த்துகீசியர்கள் 1878இலும், ஜப்பானியர்கள் பெருந்தொகையாக 1885இலும், கொரியர்கள் 1903இலும், பிலிப்பினோக்கள் 1906இலும் வரத் தொடங்கினார்கள். வயலில் ஒருவர் சோற்றை மற்றவர் பங்கிட்டு உண்டதிலிருந்து பிறந்ததுதான் பிளேட் லஞ்ச் என்கிற தட்டு: இரண்டு உருண்டை சோறு, ஒரு உருண்டை மக்ரோனி சாலட், மேலே இறைச்சியோ மீனோ. 1961இல் தொடங்கிய ரெயின்போ டிரைவ்-இன் இதற்குப் பேர் போன இடம். கட்டடத் தொழிலாளியும் அலைச்சறுக்கு முடித்து ஈரத்தலையோடு வந்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அசைவம் உண்பவராக இருந்தால், அதே சாலையில் சிறு கடைகளில் கிடைக்கும் போக்கேயை விட்டுவிடாதீர்கள்: பச்சையான சூரை மீனைத் துண்டு போட்டு, கடல் உப்பு, கடற்பாசி, வறுத்துப் பொடித்த குக்குயிக் கொட்டை சேர்த்துப் பிசறியது. தாயாருக்காக இரண்டு எச்சரிக்கை. மக்ரோனி சாலட்டில் முட்டை கலந்த மயோனைஸ் உண்டு. பெட்டிக்கடைகளில்கூடக் கிடைக்கும் முசுபி, கடற்பாசி சுற்றிய சோற்றுக் கட்டியாகத் தோன்றினாலும், அதன்மேல் இருப்பது ஸ்பாம் என்கிற டப்பா இறைச்சி. சோறும் தோஃபுவும் கீரையும் கேட்டால் பெரும்பாலான கடைகளில் மனம் கோணாமல் தருவார்கள்.

பூங்காவிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் மேலே, 1952இல் தொடங்கிய லெனர்ட்ஸ் பேக்கரியில் மலசாதா சுடச்சுடக் கிடைக்கும். நடுவில் துளையில்லாத, சர்க்கரையில் புரட்டிய போர்த்துகீசியப் பணியாரம் அது. பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அங்கேயே நின்று தின்ன வேண்டும். விடுதிக்குக் கொண்டுபோனால் பாதிச் சுவை போய்விடும். மாவில் முட்டை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிற்பகலில் பூங்காவின் கடலோரப் பக்கத்துக்கு வாருங்கள். 1904இல் தொடங்கிய வைக்கீக்கி மீன் காட்சியகம் அங்கே இருக்கிறது, சிறியதுதான், வெயில் கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரம் நிழலில் கழிக்க உதவும். அதைத் தாண்டியுள்ள கைமானா கடற்கரையில் விடுதிக் குடைகள் குறைவு. பாட்டி பேரன்களோடு குளிர்பெட்டி தூக்கி வரும் குடும்பங்கள், தினமும் நீந்த வரும் முதியவர்கள் என்று கூட்டமே வேறு. அருகில் சிதிலமடைந்து நிற்கும் கட்டடம், முதல் உலகப் போரில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக 1927இல் திறந்த கடல்நீர் நீச்சல் குளம். ஊரின் பெருமைக்குரிய நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு முதலில் நீந்தித் தொடங்கி வைத்தார், 1979 முதல் மூடிக் கிடக்கிறது. இந்தக் கடற்கரையில் 2017இல் ஹவாய்த் துறவிச் சீல் என்னும் கடல்நாய் ஒன்று குட்டி ஈன்று, வாரக்கணக்கில் ஊரே காவல் காத்தது. மணலில் சீல் படுத்திருந்தால் குறைந்தது 50 அடி தள்ளி நில்லுங்கள், குட்டியோடு இருந்தால் 150 அடி. பவளப்பாறைக்குத் தீங்கு செய்யும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த வெயில் களிம்புகளை 2021 முதல் அங்கே விற்பதில்லை. ஊரிலிருந்து கொண்டுபோவதாக இருந்தால் குப்பியின் பின்புறத்தைப் படித்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பழகும் முறை பற்றிச் சில வரிகள். ஹவாயில் பிறந்து வளர்ந்த எல்லாரையும் ஹவாயியர் என்று அழைக்கக் கூடாது. அந்தச் சொல் பூர்வகுடி வழிவந்தவர்களுக்கு மட்டுமே உரியது, மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். வழி கேட்டால் கிழக்கு மேற்கு சொல்ல மாட்டார்கள். மௌக்கா என்றால் மலைப் பக்கம், மகாய் என்றால் கடல் பக்கம். யார் வீட்டுக்காவது அழைத்தால், வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் அங்கேயும் உண்டு என்பதால் உங்களுக்குச் சங்கடம் இராது. சாலையில் ஹாரன் அடிப்பது ஏறக்குறைய வசைக்குச் சமம். கழுத்தில் லேய் மாலை அணிவித்தால் மறுக்காதீர்கள், அணிவித்தவர் எதிரில் கழற்றவும் வேண்டாம். சீனர் தெருப் பகுதியில் மௌனகேயா சாலையின் மாலைக் கடைகளில் தொடுத்து விற்கும் லேய்களில் நம் குண்டுமல்லியும் ஒன்று. தாயாருக்கு ஒரு சரம் வாங்கிக் கொடுங்கள்.

போக்குவரத்துக்குக் கார் தேவையில்லை. கார் எடுத்தாலும் மிருகக்காட்சி சாலையின் வண்டி நிறுத்துமிடம் கபாஹுலு சாலைப் பக்கம் இருக்கிறது, ஆனால் அலைச்சறுக்குக்காரர்களும் அதையே நம்பியிருப்பதால் சனிக்கிழமை காலையில் சீக்கிரம் நிரம்பிவிடும். நகரப் பேருந்தில் ஒரு பயணத்துக்குச் சுமார் 3 டாலர்; ஹோலோ என்ற பேருந்துக் கட்டண அட்டை வாங்கிக்கொண்டால் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்ற உச்சவரம்பும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் நேரம் இருந்தால், 1836இல் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் நிறுவிய ராயல் ஹவாயியன் இசைக்குழு பூங்கா மேடையில் வாசிக்கிறதா என்று அவர்களின் நிரலைப் பாருங்கள், கட்டணம் இல்லை. டைமண்ட் ஹெட் மலையேற்றம் மகனுக்குப் பிடிக்கும், தாயாருக்கு வேண்டாம். உச்சிக்குப் போகும் வழியில் செங்குத்தான படிகள் பல. வெளியூர்க்காரர்கள் 2022 முதல் இணையத்தில் முன்பதிவு செய்துதான் போக முடியும், காலை நேரங்கள் சில நாள்களுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால் விமானச் சீட்டு உறுதியானதும் அதையும் எடுத்துவிடுங்கள்.